தவிட்டு டப்பா

முட்டை வாசனைகூட நுழையாத வீடு எங்களுடையது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். அந்த வீட்டுக்குள் என் கணவர் புழு வளர்த்தார்.

எல்லாம் அவர் கூண்டில் வளர்த்த ஃபின்ச் குருவி ஜோடிக்காக. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கோதுமைத் தவிடு, மேலே கேரட் துண்டு, உள்ளே மஞ்சளாக நெளிகிற புழுக்கள். குஞ்சு பிழைக்கத் தினை மட்டும் போதாதாம், புரோட்டீன் வேண்டுமாம். டப்பாவைத் தறிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பட்டுநூலில் முடிச்சு பிடுங்கும் இடுக்கியாலேயே புழுவை எடுத்துப் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்த கையால இதைத் தொடுறீங்களே!"

"நீ தொடாதம்மா. பாவம் என் கணக்குல இருக்கட்டும்."

குருவி போட்ட முட்டையெல்லாம் கூமுட்டையாகவே போய்க்கொண்டிருந்தன. மனுஷன் சோர்ந்துதான் போனார். கடைசியில் குஞ்சு பொரித்தபோது அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். போனில் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "சின்னப் புழுவா பார்த்துக் குடும்மா, பெருசு அடைச்சிக்கும்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அதே இடுக்கியால் நானே புழு போட்டேன். வீட்டுக்கு அவர் உடம்புதான் வந்தது.

உடம்பை எடுத்ததும் வழக்கப்படி வீட்டைக் கழுவிவிட்டார்கள். மறுநாள் காலையில் டப்பாவைக் காணோம்.

"தவிட்டுல புழு வெச்சிக்கினு இருந்திச்சி அண்ணி. சாவு வூட்டுல இது இன்னா கண்றாவின்னு குப்பை வண்டியில கொட்டிட்டேன்" என்றாள் நாத்தனார். அவளுக்கு என்ன தெரியும்? தவிட்டில் புழு இருந்தால் எங்கள் வீடுகளில் யாராக இருந்தாலும் கொட்டத்தான் செய்வார்கள்.

ஊறிய கடலையை மசித்து வைத்தேன். தாய்க்குருவி சீந்தவில்லை. மதியத்துக்குள் ஒரு குஞ்சு விறைத்துவிட்டது. மீதி இரண்டும் சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடின. புருஷன் போன வீட்டில் குருவிக் கூண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்தது. வாசல் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. அடியில் அண்டாவில் தண்ணீர் வைத்தேன். விழுந்தவற்றை எடுத்து, இறக்கையைப் பிய்த்து, நசுக்கிக் கிண்ணத்தில் போட்டேன். தாய்க்குருவி கொத்திக்கொண்டு கூட்டுக்குள் ஓடியது.

நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் ஓர் ஈசலை எடுத்தாள். இறக்கையைப் பிய்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாவம் இல்லியா அண்ணி?"

"நீ தொடாதம்மா. பாவம் என் கணக்குல இருக்கட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. பாடையைத் தூக்கியபோதுகூட வராத அழுகை, ஈசல் இறக்கை ஒட்டிய கையோடு உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் வந்தது.