வடிவாச் சுடுமோ?

ஒஸ்லோவில் எங்கள் கிளப்பில் வியாழக்கிழமைகளில் முதலில் துப்பாக்கி சுடுவோம், பிறகு வாஃபல் சுடுவோம். சண்டையெல்லாம் வாஃபலோடுதான் வரும். அந்த வருடம் வந்த சண்டை ஒரு கைத்துப்பாக்கியின் முகவெட்டைப் பற்றியது. முதலாம் உலகப் போருக்கு முன்னமே வரைந்த ஒரு பழைய மாதிரி; அதையே இன்றுவரை மாற்றி மாற்றிச் செய்து விற்கிறார்கள். கருநீல இரும்பு, வால்நட் மரப்பிடி, மூக்கும் முழியுமாய் இருக்கும். அதன் புது அவதாரத்தை ஒருவர் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மரத்துக்குப் பதில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். குழலுக்குக் கீழே விளக்குப் பூட்ட ஒரு தண்டவாளம். மேலே ஏதோ கண்ணாடிப் பெட்டி பூட்ட ஒரு பள்ளம். பின்பக்கம் தாரா வாத்தின் வால்போல ஒரு பிதுக்கம்.

கையில் வாஃபலோடு எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஒருவர், சுடுவதற்கு இது பழையதைவிட நல்லது என்றார். இன்னொருவர், கண்ணை மூடிக்கொண்டு சுடுவதென்றால் சரி என்றார். கோயம்புத்தூரில் இருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த தம்பி ஒருவர் எங்கள் கிளப்பில் இருக்கிறார். அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. "அக்கா, இது தஞ்சாவூர் கோபுரத்துக்கு வெளிய லிஃப்ட் வெச்ச மாதிரி இருக்கு," என்று என் காதுக்குள் சொன்னார்.

கிளப்பின் தலைவியும் அழகுக் கட்சிதான். அவர் பல் வைத்தியர், பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் எனக்கு முதலாளி. மெல்லுவது மட்டும் காரியம் என்றால் மனிதருக்கு இரும்பிலேயே பொய்ப்பல் செய்து கொடுத்துவிடலாம், ஆனால் யார் வாயில் போடுவார்கள் என்று கேட்டார். மேசையில் ஒருவர் மெல்ல வாயை மூடிக்கொண்டார்.

நான் எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம். குறொன்லாண்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பையும் மினுக்கத்தையும் பார்த்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்குகிற ஆள் நான். கடைக்காரர் என்னைக் கண்டால் பெருமூச்சு விடுவார்.

என்னைக் கிளப்புக்குக் கூட்டிவந்ததும் அந்தப் பல் வைத்தியர்தான். நோயாளியின் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது என் வேலை. அவர் ஒருநாள் துளைபோடுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். இந்தக் கை நடுங்குவதே இல்லை, வீணாய்ப் போகிறது என்றார். நோயாளி வாயைத் திறந்தபடியே ஆமோதித்தார். அப்படித்தான் யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே புகுந்த ஒருத்தி ஒஸ்லோவில் காசு கட்டித் துவக்குச் சத்தம் கேட்கப் போனாள்.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவர் பியோர்ண்டாலில் ஒரு பள்ளிக்கூடத்தின் வக்த்மெஸ்தர். கதவு, பூட்டு, குழாய், மின்குமிழ் எல்லாம் அவர் பொறுப்பு. கோயிலில் பூசை முடிந்து யாராவது வியாழக்கிழமை நான் எங்கே என்று கேட்டால், "பல்லாஸ்பத்திரிக் கூட்டம்" என்று சொல்லிச் சமாளிப்பார். என்னிடம் ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார்.

"அங்கை நீர் என்னவும் செய்யும். வீட்டை துவக்கு வரக்கூடாது."

வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை, என் பெருவிரல் கெட்டுப்போகும் வரை. வருடக்கணக்காய்க் குழாய் பிடித்ததில் அதன் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. கிளப்பின் இரவல் துப்பாக்கி என் கைக்குத் தடிப்பு. சுட்டுவிட்டு வந்தால் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாது. உன் கைக்கு அளவாய் ஒன்று வாங்கு, இல்லாவிட்டால் சுடுவதை விடு என்று பல் வைத்தியர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். சொந்தமாய் வாங்கினால் அதை வீட்டில், பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் வைக்க வேண்டும். விட எனக்கு மனமில்லை. கிழமை முழுக்க மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கு, ஒரு புள்ளியைப் பார்த்து மூச்சை அடக்கி ஒன்றையும் யோசிக்காமல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னுடையது.

முதலில் துப்பாக்கியைப் பார்த்து வைப்போம், மனுசனைப் பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். கோயம்புத்தூர்த் தம்பி கடைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் அவரிடம் சொன்னேன். "தம்பி, எனக்குத் தோதா ஒரு துவக்கு வடிவாப் பாத்து வையுங்கோ."

அவருக்கும் எனக்கும் தமிழில் ஏற்கெனவே தகராறு உண்டு. முதல்நாள் நான் "துவக்கை இஞ்சை வைக்கட்டோ" என்று கேட்டதற்கு, "எதத் துவக்கணும் அக்கா?" என்று கேட்டவர் அவர். இந்த முறை துவக்கு விளங்கிவிட்டது. சறுக்கியது வடிவில். நாங்கள் வடிவாய்ப் பார் என்றால் கவனமாய்ப் பார் என்று அர்த்தம். வடிவாய்ச் சாப்பிடு என்றால் வயிறாரச் சாப்பிடு. அது அவருக்கு எப்படித் தெரியும்? அக்கா அழகானதாய்ப் பார்க்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு போய், கடையில் இருந்ததிலேயே பேரழகியைத் தெரிவு செய்து படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

படம் வந்தபோது என் தொலைபேசி குசினி மேசையில், வீட்டுக்காரருக்கு முன்னால் கிடந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். பழைய மாதிரியின் அசல் பிரதி. கண்ணாடியாய் மினுக்கிய இரும்பு, செம்மண் நிற மரப்பிடியில் பூவேலை. கீழே, "அக்கா, இதவிட வடிவா கிடைக்காது" என்று எழுதியிருந்தார். எனக்குப் பெருவிரல் வலியே மறந்துபோயிற்று.

இவர் தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்தார். தேநீரை அப்படியே விட்டுவிட்டுப் பல்கனிக்குப் போய் நின்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கோவியுங்கோ," என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கோவமில்லை," என்றார். ஜக்கெற்றைப் போட்டு, சிப்பையும் கழுத்துவரை இழுத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார். "நாங்கள் தீவிலை இருக்கேக்கை ஒருநாள் ஆக்கள் வந்தவங்கள். ஐயாவை விசாரிக்க. ஒருத்தன் உதே மாதிரி ஒண்டை இடுப்பிலை இருந்து எடுத்து மேசையிலை வைச்சிட்டுத் தேத்தண்ணி கேட்டவன். நான்தான் கொண்டுபோனனான். கோப்பையும் சோசரும் கடகடவெண்டு அடிச்சு, பாதி சோசருக்கை ஊத்துப்பட்டுப் போச்சு."

அவருடைய அப்பாவைத் தேடி வந்தவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்போது துவக்கோடு வருகிறவர்களுக்குக் குறைவிருக்கவில்லை.

"அதுகூடப் பரவாயில்லை," என்றார். "அந்தப் பயத்துக்குள்ளையும் எனக்கு அது வடிவாத் தெரிஞ்சது. பாத்துக்கொண்டே நிண்டனான். அவன் கண்டிட்டான். வளந்தாப்பிறகு உனக்கொண்டு வேணுமோ எண்டு கேட்டவன். நான் ஓம் எண்டனான். ஐயாவுக்கு முன்னாலை."

இத்தனை வருடம் ஒரு வீட்டில் இருந்தும் இதை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த நிமிடமே மனதுக்குள் கிளப்பைத் தலைமுழுகினேன். உள்ளே வந்து தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, அது வேண்டாம் என்றேன்.

"ஏன்க்கா, வடிவா இல்லையா?"

"வடிவாத்தான் இருக்கு. நான் வடிவாப் பாக்கச் சொன்னது வடிவுக்கில்லைத் தம்பி. கவனமாப் பாக்கச் சொன்னனான்."

"அப்ப வடிவுன்னா அழகு. வடிவான்னா கவனமா. ஒரு எழுத்துல இவ்வளவு இருக்காக்கா?" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க கைக்கு கரெக்டா ஒண்ணு இருந்துச்சு. பிடிய மெலிசா மாத்திக்கலாம். நீங்க வடிவா கேட்டீங்களேன்னு நான் காட்டவே இல்ல. அதான்க்கா, அன்னிக்கு நாம பாத்தோமே, அந்த லிஃப்ட் வெச்ச கோபுரம்."

பார்த்துவிட்டாவது விடுவோம் என்று ஒரு சபலம். கடைக்குப் போவதை இவரிடம் ஒளிக்க எனக்கு விருப்பமில்லை, சொன்னேன். வாங்கமாட்டேன் என்றும் சொன்னேன்.

"நானும் வாறன்," என்றார். "இல்லாட்டி நீர் இன்னொரு வடிவானதைக் கண்டு மயங்கிப்போடுவீர்."

கடையில் தம்பி எங்களுக்கு முன்னமே வந்து காத்து நின்றார். விற்பனையாளர் ஆசையாய்ப் பேரழகியைத்தான் முதலில் எடுத்து வைத்தார். இவர் திரும்பிச் சுவரில் இருந்த தீயணைப்புக் குப்பியைப் படிக்கத் தொடங்கினார். அதன் திகதி முடிந்திருக்கிறதா என்று பார்ப்பது வக்த்மெஸ்தர்களுக்கு ஒரு வியாதி. அடுத்ததாய்ப் புதியது வந்தது. சாம்பல் பிளாஸ்டிக், தண்டவாளம், பள்ளம், தாரா வால். இவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கிட்ட வந்தார். குனிந்தார்.

"இதென்ன, ஸ்க்ரூ முறுக்கிற மெசினோ?"

"துவக்குத்தான்," என்றேன்.

"பற்றரி எங்கை போடுறது?"

விற்பனையாளருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் முகங்கள் விளங்கின. பலருக்கு இதன் தோற்றம் பிடிப்பதில்லைதான் என்று நோர்வேஜிய மொழியில் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். இவர் முகம் மலர்ந்து, "ஸ்தீக்," என்றார். அசிங்கம் என்று அர்த்தம். "சரியான ஸ்தீக்." பள்ளிக்கூடத்துக்குப் புதுத் துளைக்கருவி வந்த நாளில்தான் நான் அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

பிறகு தம்பியிடம் திரும்பினார். "தம்பி, இது வடிவாச் சுடுமோ?"

தம்பி என்னைப் பார்த்தார். ஏற்கெனவே சூடுபட்டவர். "அழகா சுடும்னு சொல்ல முடியாதுண்ணா," என்று இழுத்தார். "ஆனா கரெக்டா சுடும்."

"அதைத்தானே கேட்டனான்," என்றார் இவர்.

கையில் எடுத்தேன். பெருவிரல் போய் உட்கார்ந்த இடம் அதற்கென்றே செய்த இடம்போல இருந்தது. கைக்குப் பிடித்துவிட்டது, கண்ணுக்குத்தான் பிடிக்கவில்லை. இதற்கு மெலிசாய் ஒரு மரப்பிடி போடலாமோ என்று கடைசியாய் ஒருமுறை விற்பனையாளரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஒண்டும் மாத்த வேண்டாம்," என்றார் இவர். "உப்பிடியே வீட்டை வரட்டும்."

பொலிஸ் அனுமதி வந்து, துப்பாக்கியும் வந்தது. இரும்பு அலுமாரியைத் தன் துளைக்கருவியாலேயே களஞ்சிய அறைச் சுவரில் பூட்டிவிட்டு, அந்தக் கருவியைப் பக்கத்துத் தட்டில் வைத்தார். கிளப்பில் என்னைக் கட்சி மாறி என்றார்கள். பல் வைத்தியர் வாஃபலைக் கீழே வைத்துவிட்டு, இரும்புப் பல்லா வாங்கினாய் என்று கேட்டார். தோற்றம் முக்கியம் என்றுதான் நான் இப்போதும் சொல்கிறேன் என்றேன். முன்பைவிட உறுதியாய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் என் துப்பாக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதல் சனிக்கிழமை காலை அதைத் துடைப்பதற்குக் குசினி மேசைக்குக் கொண்டுவந்தேன். இவர் மேசை விரிப்பை எடுத்து மடித்து வைத்தார். இலவச விளம்பரப் பத்திரிகையை விரித்தார். உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டினேன். தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் எண்ணெய் போட்டுத் துடைக்கத் தொடங்கினேன். கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடி அலுமாரி திறக்கிற சத்தமும் கேட்டது.

நாங்கள் இருவரும் எப்போதும் பெரிய குவளையில்தான் குடிப்போம். அன்றைக்கு அவர் விருந்தினருக்கு வைத்திருக்கிற பூப்போட்ட கோப்பையையும் சோசரையும் எடுத்திருந்தார். இரண்டு கையாலும் பிடித்து, அடி மேல் அடி வைத்து வந்து, துவக்குக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, குனிந்து சோசரைத்தான் பார்த்தார். அதில் ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை.

"ஆற முந்திக் குடியும்," என்றார்.