இடது பக்க வீக்கம்

மருத்துவ இறுதியாண்டுத் தேர்வுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். நான் திருமலைராயன்பட்டினத்தில் தோழி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் புத்தகம் இருவருக்கும் தலைகீழ்ப் பாடம். ஆனால் நோயாளியிடம் தமிழில் கேள்வி கேட்கத் தொடங்கினால் நாக்கு குழறியது. அதனால் தோழியின் உம்மாவை நோயாளியாக நடிக்கச் சொன்னோம். அசர் தொழுகை முடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"மூணு நாளா சாப்பாடே எடுக்கல. வயிறு உப்பிப் போச்சு. இடது பக்கம்தான் கல்லு மாதிரி இருக்கு."

இடது பக்கம் என்றதுமே என் மூளை மண்ணீரலுக்கு ஓடிவிட்டது.

"காய்ச்சல் உண்டா?"

"காதைத் தொட்டா சுட்டுச்சு."

எழுதிக்கொண்டேன்.

"குழந்தைங்க எத்தனை?"

"ரெண்டு. ரெட்டை."

துபாயில் இருக்கும் மகனும் என் எதிரே இருக்கும் மகளும் எப்போது இரட்டையர் ஆனார்கள் என்று நினைத்தேன். நடிப்புதானே என்று விட்டுவிட்டேன். தோழி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

மலேரியா, கல்லீரல் சுருக்கம், ரத்தப் புற்றுநோய் என்று வரிசையாகச் சொன்னேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எழுதினேன்.

"ஸ்கேனுக்கு நிக்க மாட்டாம்மா. முட்டிருவா," என்றார் உம்மா.

"யாரு?"

அவர் என் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். வேலியோரம் பழுப்பு ஆடு ஒன்று படுத்திருந்தது. அதன் இரண்டு குட்டிகளும் மேலே ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன.

"கல்யாண வீட்டுச் சோத்தை ஒரே மூச்சா தின்னுட்டா. மாட்டு டாக்டர் வந்து எண்ணெய் குடுத்தாரு. இப்பத் தேவலை. நீ பேரு, வயசு ஒண்ணும் கேக்கலையேம்மா, அதான் நானும் சொல்லல."

தோழி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு நானும் சிரித்தேன், வயிறு வலிக்கும்வரை.

விழிதியூரில் எங்கள் வீட்டிலும் மாடு உண்டு; ஆடு மாடுகளுக்குத் தீனிப்பை இடது பக்கம் என்பது அம்மாவுக்குத் தெரியும். மறுநாள் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "இடது பக்கம் உப்புச்சு" என்று தொடங்கியதுமே, "சோறு தின்னுச்சா?" என்று கேட்டுவிட்டார். நான் ஐந்து வருடம் என்ன படித்தேன் என்பதையும் கேட்டார்.

தேர்வில் எனக்கு வந்த நோயாளி, இதய வால்வு பழுதான, போலகம் கிராமத்துப் பெண் ஒருவர். பெயரில் தொடங்கி நிதானமாகக் கேட்டேன். பேச்சு தடையின்றி வந்தது. தேர்ச்சி பெற்றேன், தோழியும்தான். முடிவு வந்த அன்று உம்மா எங்களுக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இனிப்பு வட்டலப்பம் செய்து போட்டார். இருவரும் ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டோம்.