நெட்டையும் கட்டையும் ஒரு கஞ்சித் தொட்டியும்

1. முதல் நாளே விழுந்தது

மெல்பேர்னில் பழைய படச்சுருள்களைப் பாதுகாத்து வைக்கிற ஒரு கட்டடத்தில் பதினொரு வருடம் கிளீனிங் வேலை செய்தேன். போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செல்வி பிடிவாதமாக நின்றதால் எழுதுகிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வி என்னோடு வேலை செய்தவள். மதுரைப் பக்கம். டார்னெய்ட்டில் இருந்து வருவாள். நான் யாழ்ப்பாணம். நோபல் பார்க்கில் மகனோடு இருக்கிறேன். அவள் நல்ல உயரம், வாய் ஓயாது. நான் அவளுடைய தோளுக்கும் கீழே. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம்.

மொப் பிடிக்கும்போது பின்னோக்கி நடக்க வேண்டும். ஈரத்தில் நம் கால் படக்கூடாது. அதை முதல் நாள் காலையிலேயே சூப்பர்வைசர் காட்டித் தந்தார். நான் நடைபாதையின் ஒரு முனையில் இருந்து பின்னோக்கி வந்தேன். செல்வி மறுமுனையில் இருந்து வக்யூம் பிடித்தபடி அவளும் பின்னோக்கி வந்தாள். நடுவில் இரண்டு பேருடைய பின்பக்கமும் மோதின. நான் மொப் வாளிக்குள் விழுந்து இருந்துவிட்டேன். தூக்க வந்த செல்வி வக்யூம் வயரில் தடக்கி என் பக்கத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "தரை ஈரம், கவனம்" என்கிற மஞ்சள் பலகை கடைசியாக அவள் தலையில் சாய்ந்தது.

"அய்யய்யோ! என்னங்கக்கா, பின்னாடி கண்ணு இல்லையா?" என்று கத்தினாள்.

"உமக்கு இருக்கோ?" என்று கேட்டேன். நான் அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஓடி வந்து எங்கள் இருவரையும் தூக்கிவிட்டு, நூறு தரம் மன்னிப்புக் கேட்டாள். அவள்தான் ஜூடித். பழைய படச்சுருள்களைச் சோதித்துத் திருத்துகிறவள். உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும் என்று சொல்லி, ஈர உடுப்போடு எங்களை உள்ளே கூட்டிப்போனாள்.

2. அந்த இரண்டு பெண்கள்

ஜூடித் ஒரு சிறிய திரையில் ஒரு துண்டுப் படத்தை ஓட்டினாள். சத்தம் இல்லாத காலத்துப் படம். நெட்டையாக ஒருத்தி, கட்டையாக ஒருத்தி. தலையில் பெரிய உடுப்பு மூட்டைகள். ஒரு பெரிய வீட்டின் முன்கதவைத் தட்டுகிறார்கள். மீசைக்கார முதலாளி கதவைத் திறந்து, பின்வாசலைக் கை காட்டிவிட்டுச் சாத்துகிறான். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த நிமிடம் இரண்டு மூட்டைகளும் முன் யன்னலுக்குள்ளால் பறந்து உள்ளே விழுகின்றன. பின்னாலேயே இரண்டு பேரும்.

செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அந்தப் பின்வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூடித் சொன்னதைச் செல்வி எனக்குச் சொன்னாள். "நூறு வருஷத்துக்கு முன்னாடி இப்படிப் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் சின்னச் சின்னப் படமா எடுப்பாங்களாம்க்கா. ஆம்பளைங்க விழுந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். ஜோடியா ரெண்டு பொம்பளைங்க விழுந்து வாரின படமும் இருக்காம். அதான் யாருக்கும் ஞாபகம் இல்லையாம். இவங்க ரெண்டு பேருக்கும் பேரே தெரியலையாம்."

அந்தப் படம் ஒரு பண்ணைக் கொட்டகையில் இருந்து ஆறு தகர டப்பாக்களில் வந்ததாம். கதை சொல்ல நடுவில் வருகிற எழுத்து அட்டைகள் ஒன்றும் இல்லை; எந்தத் துண்டு முந்தி, எது பிந்தி என்று தெரியாது. திருத்த வேண்டிய படங்கள் வரிசையில் எத்தனையோ இருந்ததால் இந்த ஆறு டப்பாக்களும் குளிர் அறையில் காத்துக் கிடந்தன. நாங்கள் அந்த அறையின் வாசலைத் துடைக்கும்போதெல்லாம் செல்வி, "நெட்டை, கட்டை, நல்லா இருக்கீங்களா?" என்று கதவைப் பார்த்துக் கேட்பாள்.

எனக்குக் கட்டையைப் பிடித்துப் போயிற்று. அவள் வாயைத் திறப்பதே இல்லை. எல்லாவற்றையும் அவள் கைதான் செய்யும்.

3. பரமேஸ்வரி அக்காவின் கார்

இதை இங்கே சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

எனக்குக் கார் ஓடத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் வேலை இல்லை. அன்றைக்குப் பரமேஸ்வரி அக்கா வந்து ஹோர்ன் அடித்து என்னைக் கோயிலுக்கும், அங்கிருந்து முதியோர் சங்கத்துக்கும் கூட்டிப்போவார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நல்ல மனுசி. வீட்டையும் வேலையையும் விட்டால் எனக்கு இருந்த ஒரே வெளியுலகம் அந்தக் கார்தான்.

காரில் ஏறிய முதல் நாளே கேட்டார். "பூமணி, நீர் ஊரில எந்தப் பக்கம்? ஆற்ற ஆக்கள்?"

யாருடைய ஆட்கள் என்று கேட்டால், என்ன சாதி என்று கேட்கிறதுதான் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நான் ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். எங்கள் குடும்பம் உடுப்பு வெளுக்கிற குடும்பம். அம்மாவோடு மூட்டை சுமந்து வீடு வீடாகப் போனேன். முன்கதவு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாம் பின்வாசல்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான்.

அக்கா எத்தனையோ தரம் அதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார். நானும் ஒவ்வொரு தரமும் நழுவினேன். பூமணி கூச்ச சுபாவம் என்று சங்கத்தில் சொல்வார்கள். கூச்சம் பாதி, பயம் பாதி. தெரிந்தால் அந்த ஹோர்ன் சத்தம் நின்றுவிடும் என்று பயந்தேன்.

4. சிரிப்பு வராத படம்

இந்த வருடம் ஜூடித் ஆறு டப்பாக்களையும் எடுத்து, சுத்தம் செய்து, ஸ்கான் பண்ணி, ஒரு படமாகக் கோர்த்தாள். பொதுமக்களுக்குக் காட்ட நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு காலையில் சிறிய தியேட்டரில் போட்டுக் காட்டினார்கள். நாங்கள் பின்வரிசைக் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

முன்கதவுக் காட்சிக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த துண்டில், வெள்ளைச் சட்டை போட்ட நெட்டை, காலும் கையும் மடங்காமல் பலகை மாதிரி நடக்கிறாள். கட்டை அவளைத் தூக்கிச் சுவரில் சாய்க்கிறாள். முதலாளி வந்து, நெட்டையின் நீட்டிய கையில் தன் கோட்டை மாட்டிவிட்டுப் போகிறான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு உடுப்புத் தோய்க்கிறார்கள். பிறகு நெட்டை தொட்டிக்குள் விழுகிறாள். பிறகு கட்டை வாளித் தண்ணீரைக் கையால் தெளிக்க, நெட்டை துவண்டு மடங்குகிறாள். கடைசியில் கட்டை அவளைச் சட்டையோடு கயிற்றில் கொழுவி, கிளிப் போட்டுவிடுகிறாள். படம் முடிந்தது. இரண்டு பேர் இருமினார்கள்.

ஜூடித்தின் முகம் வாடிவிட்டது. இந்த இருவரும் அவ்வளவு கெட்டிக்காரிகள் இல்லைப்போல என்று ஒருவர் சொல்லிக்கொண்டு வெளியே போனார். அதைச் செல்வி எனக்குத் தமிழில் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது குறைவு.

"செல்வி, இதைக் கேளும். மாறிப்போச்சு."

"என்னக்கா மாறிப்போச்சு?"

"துண்டுகள். அவள் விழுந்தது தண்ணிக்குள்ள இல்லை. அது கஞ்சி."

செல்வி துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு, "ஜூடித்!" என்று கத்தினாள். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கதிரைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

5. தோளில் இரண்டு கூர்

ஜூடித்திடம் நியாயம் இருந்தது. அதைச் செல்வி இப்படிச் சொன்னாள்: "தொட்டியில விழுந்து நனையுறதுக்கு முன்னாடிதானே ட்ரெஸ் வெள்ளையா, சுத்தமா இருக்கும். அதான் அந்த நடையை முதல்ல வச்சோம்ங்குறாங்க. புது யூனிஃபார்ம் போட்ட பெருமையில பொம்மை மாதிரி நடக்குறான்னு நினைச்சாங்களாம்."

நான் தொட்டித் துண்டைப் போடச் சொன்னேன். நெட்டை எழும்பும்போது நிறுத்தச் சொன்னேன்.

"கையைப் பாரும். தண்ணியெண்டால் சொட்டுச் சொட்டா விழும். இது இழுபட்டு, நூல் மாதிரி வடியுது. நல்லாக் காய்ச்சின கஞ்சி."

பிறகு உடுப்பு வெளுக்கிற ஒழுங்கைச் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம். தோய்த்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, காயப்போட்டு, தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிறது. இந்த இரண்டு பெண்களும் வேலையைப் பிழையில்லாத ஒழுங்கில்தான் செய்கிறார்கள். ஆனால் உடுப்புக்குச் செய்ய வேண்டியதைக் கட்டை தன் சிநேகிதிக்குச் செய்கிறாள். நெட்டை கஞ்சிக்குள் விழுகிறாள். அதனால் கயிற்றில் காயப்போடுகிறாள். காய்ந்ததால் பலகை ஆகிறாள். தண்ணீர் தெளித்ததால் மடங்குகிறாள். பகிடி அங்கேதான் இருக்கிறது.

ஜூடித் யோசித்தாள். சொன்னதை மட்டும் வைத்து மாற்ற ஏலாது, ஆதாரம் வேண்டும் என்றாள். அது அவளுடைய தொழில். சரிதான்.

பலகை நடையைப் போடச் சொன்னேன். "தோளைப் பெருசாக்கச் சொல்லும், செல்வி."

பெரிதாக்கினாள். வெள்ளைச் சட்டையின் இரண்டு தோளிலும் இரண்டு சின்னக் கூர் நிமிர்ந்து நின்றது. கஞ்சி போட்ட உடுப்பைக் கிளிப் போட்டுக் காயவிட்டால், கிளிப் பிடித்த இடம் அப்படித்தான் நிற்கும். தண்ணீர் தெளித்து மினுக்கும்வரை போகாது. ஜூடித் கயிற்றுத் துண்டைப் பக்கத்தில் எடுத்து வைத்துப் பார்த்தாள். கிளிப் போட்டது அதே இடங்களில்தான்.

அவள் கதிரையை விட்டு எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, இது எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"வீட்டில கஞ்சி போடுறனாங்கள்" என்றேன். செல்வி அதைச் சொன்னாள். ஜூடித் எழுதிக்கொண்டாள். பொய் இல்லை. ஆனால் அன்று முழுக்க மனம் சரியில்லை.

6. முன்வரிசை

காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்குச் சொல்லாமலே செல்வி அறிவித்தலைத் தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டாள். போய்ப் பார்த்தால் மூன்றாம் வரிசையில் பரமேஸ்வரி அக்கா, சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரோடு.

"ஏன் செல்வி இப்பிடிச் செய்தனீர்?"

"ஏன்க்கா, பெருமைதானே? எல்லாரும் வரட்டும்னுதான்."

பியானோ வாசிக்க ஒருவர் வந்திருந்தார். படம் தொடங்கியது. நெட்டை கஞ்சிக்குள் விழுந்தபோது கொஞ்சம் சிரிப்பு. கயிற்றில் தொங்கியபோது இன்னும் கொஞ்சம். அவள் பலகையாக நடந்து வந்தாள் பாருங்கள், தியேட்டர் அதிர்ந்தது. முதலாளி கோட்டை மாட்டியபோது பியானோக்காரரே வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டார். நாங்கள் பதினொரு வருடம் துடைத்த கதிரைகளில் சனங்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு என்னுடையது.

முடிந்ததும் ஜூடித் என்னை முன்னுக்குக் கூப்பிட்டாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். செல்வி தள்ளிக்கொண்டு வந்தாள். ஜூடித் துண்டுகளின் கதையைச் சொல்லிவிட்டு, எப்படித் தெரிந்தது என்று அவரே சொல்லட்டும் என்றாள்.

மைக்கைப் பிடித்தேன். "வீட்டில கஞ்சி போடுறனாங்கள்" என்பது நாக்கு நுனியில் நின்றது. மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். முன்கதவைத் தட்டிய அந்த இரண்டு பேரையும் நினைத்தேன். அவர்களுடைய பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. எனக்காவது பெயர் இருக்கிறது.

"நான் பூமணி. நாங்கள் ஊரில உடுப்பு வெளுக்கிற ஆக்கள். எட்டு வயசில இருந்து அம்மாவோட கஞ்சி காய்ச்சினனான். அதாலதான் தெரிஞ்சது."

செல்வி இங்கிலீஷில் சொன்னாள். இரண்டு வார்த்தை கூடப் போட்டிருப்பாள், அவள் வழக்கம் அது. எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். பரமேஸ்வரி அக்காவும் எழும்பினார். ஆனால் அவருடைய கைகள் கைப்பையின் மேலேயே இருந்தன.

அன்று அவர் சொல்லாமல் போய்விட்டார்.

7. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை நேரத்துக்கு ஹோர்ன் கேட்கவில்லை. பஸ்ஸில் போகலாம் என்று செருப்பைப் போட்டேன். பத்து நிமிடம் பிந்திக் கேட்டது.

ஏறினேன். அக்கா காரை எடுத்தார். பெரிய சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. முன்னுக்குப் பார்த்தபடியே சொன்னார்.

"என்ர நூல் சீலை ரெண்டு கிடக்கு, பூமணி. கஞ்சி போட்டுத் தருவீரோ?"

நல்ல மனதோடு கேட்டாரா, பழைய மனதோடு கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. முந்தியென்றால் ஓம், போட்டுத் தாறன் என்றிருப்பேன்.

"சொல்லித் தாறன் அக்கா. சவ்வரிசி வாங்கி வையுங்கோ. நீங்கள் கிண்டுங்கோ, நான் கதிரையில இருந்து பாக்கிறன்."

பச்சை விளக்கு விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, சனிக்கிழமை வாரும்" என்றார்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டு விஷயம்தான் இருக்கிறது. பின்னோக்கி மொப் பிடிக்கும்போது இடைக்கிடை திரும்பிப் பாருங்கள். உங்கள் கைக்குத் தெரிந்த வேலையை வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லும்போது, எங்கே பழகினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு அதற்கு அறுபது வருடம் எடுத்தது.

சனிக்கிழமை போனேன். அக்கா முன்கதவைத் திறந்து, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தந்தார். முதல் தரம் கஞ்சி கட்டி பட்டுவிட்டது. அதைக் கீழே ஊற்றிவிட்டுத் திரும்பக் காய்ச்சச் சொன்னேன்.