முதல் வியாபாரம்

பிள்ளைகளே, சவர்க்காரக் கம்பனியை விட்டு நான் போன் கம்பனிக்குப் போனது சம்பளம் கூட என்பதால்தான். ஆனால் மூன்று மாதத்துக்குள் புசல்லாவைக் கடைக்காரர்களைப் போனில் பணம் வாங்க வைத்தால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

கண்டியில் முதல் பஸ் பிடித்து, கடை திறக்கும்போதே போய் நிற்பேன். அப்போதுதான் முதலாளிமார் ஓய்வாக இருப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் தேத்தண்ணீர் தந்தார்கள், ஒருவரும் சேரவில்லை. கடைசி மாதத்தில், சவர்க்காரம் விற்ற காலத்திலிருந்தே பழக்கமான ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம் காரணத்தைக் கேட்டே விட்டேன்.

"கடைய தொறந்ததும் போன நீட்டுறீங்க. மொத வியாபாரம் கையில காசா வரணும் தம்பி. இல்லாட்டி நாள் பூரா ஈ ஓட்டணும்."

நான் பழைய கம்பனிச் சவர்க்காரம் ஒன்று கேட்டு, காசு நோட்டை நீட்டினேன்.

"விட்டுட்டுப் போன கம்பனி சவுக்காரமா? போன் கம்பனியில குளிக்க விடமாட்டாங்களோ?" என்று சிரித்தபடியே நோட்டைக் கண்ணில் ஒற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். "சரி, இப்ப காட்டுங்க."

அடுத்துச் சீனி வாங்க வந்த பெண்ணின் போனில் எங்கள் ஆப் இருந்தது. அவள் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததும், அவர் எங்கள் ஸ்டிக்கரை வாங்கி லட்சுமி படத்துக்குக் கீழே தானே ஒட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடையிலும் முதல் வியாபாரம் முடியும் வரை வெளியே நின்றேன். ஆள் வராத மழை நாட்களில் நானே எதையாவது காசு கொடுத்து வாங்கினேன். வேலை நிரந்தரமானது. வீடு நிறையத் தீப்பெட்டி எதற்கு என்று உங்கள் அம்மாதான் ஏசினார்.