ஐஸ்பெட்டி சுருதியில் ஒரு பாட்டு

பத்து வயதில் நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், ஆசிரியர் கண்ணில் படாதபடி தலைகீழாக எழுதியது. என் மாமா எதற்கெல்லாம் பயப்படுவார் என்கிற பட்டியல். ஒன்று, பல்லி. இரண்டு, லிஃப்ட். மூன்று, இடி. நான்கு, ஊதிய பலூன். ஊதாத பலூனோடு அவருக்குப் பகை இல்லை. ஐந்து, சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ், லைசென்ஸ் ஒழுங்காக இருந்தாலும். ஆறு, நாலு பேர் முன்னால் யாராவது திட்டுவது. ஏழு, கல்யாணம். இப்படியே போய்ப் பதிமூன்றாவது இடத்தில் பதிமூன்று என்ற எண்ணே உட்கார்ந்திருந்தது. என் பயங்களுக்கு நான் பட்டியல் போடவில்லை. அந்தப் புத்தகத்தில் நாற்பது பக்கம்தான் இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. மலேசியாவின் பூச்சோங்கில் எங்களோடு நான்காம் மாடி வீட்டில் இருந்தார். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது தொழில். ஆளுயரப் பெட்டிகள் நான்கையும் வேனில் விட்டால் களவு போய்விடும் என்று (பட்டியலில் எட்டு) வீட்டு வரவேற்பறையிலேயே வைத்திருந்தார். வேலை முடிந்து வந்ததும் பெட்டிகளை லிஃப்டில் ஏற்றிப் பொத்தானை அழுத்திவிட்டு, இவர் படிக்கட்டில் ஓடி வருவார். பெட்டிகளுக்குத் துணையாக நான் லிஃப்டில் போவேன். மாமா மூச்சிரைக்க வந்து சேரும்வரை நாங்கள் ஐந்து பேரும் மாடியில் அவருக்காகக் காத்து நிற்போம்.

இவ்வளவு பயந்த மனிதரிடம் கருத்துகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. வேனில் ஏறி உட்கார்ந்தால் இசையில் ஆரம்பித்து அரசியலில் இறங்குவார்.

“நல்லா பாடுறவன் மைக்க தள்ளி வெச்சிப் பாடுவான் மாப்ள. பாட வராதவன் எக்கோ கேப்பான். அரசியல்வாதி எக்கோவும் கேப்பான், குடிக்கத் தண்ணியும் கேப்பான்.”

“நீங்க ஏன் மாமா அவங்களுக்கு எக்கோ போடுறீங்க?”

“செஞ்சி தர்றேன்னு ஒரு தடவ சொன்னா ஒரு வாக்குறுதி. எக்கோ போட்டா அதே மூணு வாக்குறுதி. மக்களுக்கு லாபம் லா!”

எல்லாக் கட்சிகளும் அவரிடம்தான் வரும். காலையில் ஒரு கட்சி, மாலையில் அதன் எதிர்க்கட்சி. இரண்டும் ஒரே மைக்கில்தான் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். நடுவில் மாமா ஒரு துணியை எடுத்து மைக்கைத் துடைத்து வைப்பார். எவ்வளவு பெரிய மனிதர் பேசினாலும் அந்தக் குரல், சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மாமாவின் சுண்டுவிரல் தள்ளும் சின்ன பிளாஸ்டிக் கட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய் பிளந்துவிடும். பல்லிக்குப் பயந்தாலும் சிலாங்கூர் மாநிலத்தையே ஆள்வது என் மாமாதான் என்று ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு மானப் பிரச்சினை, ஸ்பீக்கரின் இரைச்சல். யாரும் பேசாதபோது பெட்டிக்குள்ளிருந்து ‘ங்ங்ங்’ என்று ஒரு சத்தம் வருமே, அது. “அந்தச் சத்தம் வந்திச்சின்னா நான் மேடையில வேட்டி அவுந்து நிக்கிற மாதிரிடா” என்பார். ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்து, மண்டபம் கிணறு மாதிரி அமைதியாகும்வரை விடமாட்டார்.

எனக்கோ அந்த ‘ங்ங்ங்’தான் சங்கீதத்தின் ஆதாரம். காரணம் எங்கள் ஐஸ்பெட்டி, அதாவது குளிர்சாதனப் பெட்டி. அம்மாவுக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் வீட்டில் சுருதிப்பெட்டி கிடையாது. சமையலறையில் இருந்த கிழட்டு ஐஸ்பெட்டி ராப்பகலாக ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பிடித்துக்கொண்டார். கத்திரிக்காய் நறுக்கியபடி அவர் ஒரு வரி சொல்ல, ஐஸ்பெட்டிக் கதவில் முதுகைச் சாய்த்து நான் திருப்பிச் சொல்வேன். முதுகுத்தண்டு வழியாகச் சுருதி ஏறும். முருகன் மேல் அம்மாவே கட்டிய பாட்டு அது, இரண்டே சரணம். மாமா அந்தப் பக்கம் வந்தால் காதைச் சாய்த்துச் சிரிப்பார்.

“அக்கா, உன் ஐஸ்பெட்டி முனகுறதும் என் ஸ்பீக்கர் முனகுறதும் ஒரே சுருதி, தெரியுமா? எல்லாம் ஒரே கரண்டுதானே!”

அந்த வருடம் தேர்தல் வரும் என்று பேச்சு. கிள்ளானில் ஒரு கட்சிக் கிளை பொங்கல் விழா வைத்தது. மாமாவைக் கூப்பிட்ட கிளைத் தலைவர், “இத நல்லபடியா செஞ்சி குடு தம்பி. தேர்தல் வந்தா இந்தப் பக்கம் எல்லா செராமாவும் ஒனக்குத்தான்” என்றாராம். செராமா என்றால் பொதுக்கூட்டம். ஒரே மாதத்தில் ஒரு வருட வேலை. அன்று வீட்டுக்கு வந்த மாமா, இரண்டு பழைய பெட்டிகளை மாற்றிவிடலாம், வேனுக்கும் பெயின்ட் அடித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அதே சூட்டில் தலைவரிடம் பேசி, நிகழ்ச்சி நிரலில் என் பாட்டையும் சேர்த்துவிட்டார். அம்மா நான்கு மாடிக்கும் போய்ச் செய்தி சொன்னார். எனக்கு ஒரு ஜிப்பா வாங்கினார், நான் வளர்ந்தாலும் போடும்படி முழங்காலுக்குக் கீழ் தொங்குவதாக. நான் வளரவேயில்லை என்பது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விழா. மதியம் ஒரு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பின்னால் ஒரு கல்யாண விருந்து இருந்தது. இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு மலாய்க்காரப் பெரியவர், மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர், எல்லாருக்கும் ‘பாக்சிக்’, காலையிலேயே எல்லாரிடமும் ஒரு விரலைக் காட்டி எச்சரித்துவிட்டார். “புக்குல் சத்து, ஹபிஸ்!” ஒரு மணி, அத்தோடு முடிந்தது.

பத்து மணிக்கு வரவேண்டிய சட்டமன்ற உறுப்பினர், எங்கள் ஊர் வழக்கப்படி ஒய்.பி., பதினொன்றரைக்கு வந்தார். அதுவரை கூட்டத்தைப் பிடித்து வைக்க எல்லாரும் எல்லாவற்றையும் ஆடிப் பாடித் தீர்த்துவிட்டார்கள். கோலாட்டம் மட்டும் மூன்று முறை நடந்தது. என்னை மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஒய்.பி. பேசி முடித்ததும் ஒரு சின்னப் பையன் பாடினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்பது தலைவரின் யோசனை.

ஒய்.பி. பேச எழுந்தார். மேடையில் இருந்த டத்தோ பட்டக்காரர்கள், வரமுடியாமல் போன டத்தோக்கள், பிரதிநிதிகள், பிரதிநிதிகளின் பிரதிநிதிகள் என்று விளித்து முடிக்கவே கால்மணி நேரம் ஆனது. நடுவில் இன்னொரு பிரமுகர் உள்ளே வர, முதலிலிருந்து ஆரம்பித்தார். யாரும் கேட்காமலே மாமா எக்கோ போட்டார். மணி பன்னிரண்டரை. பாக்சிக் பொறுமையிழந்து பின்வரிசையிலிருந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். யாராவது கைதட்ட எழுந்தால் போதும், உட்காரும்போது நாற்காலி இருக்காது.

நான் மேடைக்குக் கீழே மாமாவின் மேசை அருகே நின்று ஜிப்பாவுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். தலைவர் குனிந்தபடி ஓடி வந்தார்.

“தம்பி, பையன் பாட்டு வேணாம். டைம் இல்ல. அடுத்த வருசம் பாத்துக்குவோம்.”

“தலைவரே, ஒரு மூணு நிமிசம்...”

“ஒய்.பி. பேசுறாரு லா! அவர நிறுத்தச் சொல்றியா?”

மூன்றாவது வரிசையில் அம்மா புதுப் புடவையில், வாய்க்குள்ளேயே என் பாட்டை முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது தெரியாது. எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. பாடுவதற்குப் பயந்து நடுங்கியவன் அடுத்த நொடியே பாட முடியாததற்கு அழுதேன். என் கொள்கை உறுதி இன்றுவரை அப்படித்தான்.

மாமா என்னைப் பார்த்தார். தலைவரின் முதுகைப் பார்த்தார். மேசையில் வரிசையாக இருந்த கட்டைகளில் ‘ஒய்.பி.’ என்று ஒட்டுத்தாளில் எழுதியிருந்த கட்டை மேல் அவருடைய சுண்டுவிரல் போய் நின்றது. அப்புறம் கீழே இறங்கியது.

மண்டபத்தில் குரல் நின்றது. மேடையில் ஒய்.பி.யின் வாய் மட்டும் தொட்டி மீன் போலத் திறந்து திறந்து மூடியது. அவ்வளவு பெரிய மனிதர் ஒரே நொடியில் என் அளவுக்குச் சுருங்கிப்போனதைப் பார்த்து நான் அழுகையை மறந்தேன்.

அதற்குள் மாமா நாற்காலி மேல் ஏறி நின்று அலறினார். “பல்லி! பல்லி! மெசினுக்குள்ள பூந்துருச்சி தலைவரே!”

ஒன்றாம் எண் பயம். நான் உடனே நம்பினேன். அந்தப் பல்லி ஒய்.பி.யின் மைக்கை மட்டும் கெடுத்துவிட்டு அறிவிப்பாளர் அக்காவின் மைக்கை ஏன் விட்டுவைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பல்லிகளின் அரசியல் எனக்கு அப்போது தெரியாது. ஒய்.பி. நல்ல மாதிரி, சிரித்துக் கையசைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்று விழுந்ததிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான். அறிவிப்பாளர் அக்கா இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவர் போல என் பெயரைக் கூப்பிட்டார்.

மேடை ஏறினேன். அக்காவின் மைக் முன்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

மாமாவின் மண்டபம் கிணறு மாதிரி அமைதியாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஐஸ்பெட்டி இல்லை. எங்கே ஆரம்பிப்பது? முருகன் எந்த உயரத்தில் இருக்கிறார்? அம்மா கையைக் கையை ஆட்டினார். பாக்சிக் சாவியை ஆட்டினார். தலைவர் என்னை இறங்கச் சொல்லி விரலை ஆட்டினார். மேசைப் பக்கம் திரும்பி, “மாமா, ஐஸ்பெட்டி” என்றேன். மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. முன்வரிசையில் ஒருவர் தன் பிள்ளையிடம், “ஐஸ் கேக்குதுடா” என்றார்.

மாமா மேசைக்குக் கீழே குனிந்தார். ஏதோ ஒரு வயரைப் பாதி உருவினார்.

‘ங்ங்ங்ங்ங்.’

நான்கு பெட்டிகளிலிருந்தும் அது எழுந்தது. எங்கள் சமையலறை ஐஸ்பெட்டி மண்டபம் அளவுக்கு வளர்ந்து, கூரையைத் தலையால் முட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. மேடைப் பலகை அதிர்ந்து, அதிர்வு என் உள்ளங்கால் வழியாக ஏறி முதுகுத்தண்டைத் தொட்டது. கூட்டம் காதைப் பொத்தியது. நான் கண்ணை மூடிப் பாடினேன். என் வாயிலிருந்து புறப்பட்ட குரல் மண்டபத்தின் கடைசிச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தபோது என்னைவிடப் பெரிதாக இருந்தது. இது யாருடையது என்று நானே திகைத்துப்போனேன். அதன் பிறகு எத்தனையோ கோயில்களில் நின்றிருக்கிறேன். மயிர்க்கால்கள் அப்படி நின்றது அந்த ஒருமுறைதான். அந்தத் திகைப்பில் இரண்டாம் சரணம் மறந்துவிட்டதால் முதல் சரணத்தையே மூன்று முறை பாடி முடித்தேன். பாக்சிக் தலையில் ஒரு நாற்காலியோடு அப்படியே நின்று கேட்டார். மணி ஒன்று ஐந்து.

அப்புறம் தலைவர் மாமாவைப் பிடித்துக்கொண்டார், மண்டப வாசலில், நாலு பேர் அல்ல, நாற்பது பேர் முன்னால்.

“செட்டா இது? ஒய்.பி. பேசுனா மைக்கு சாவுது, சின்னப் பையன் பாடுனா தேனீக்கூடு கத்துது! தேர்தலுக்கு நாங்க வேற ஆளப் பாத்துக்கிறோம்.”

மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆறாம் எண் பயம். “பழைய செட்டு தலைவரே, மன்னிச்சிக்குங்க” என்று மட்டும் சொன்னார். எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. எனக்குப் பரிசாகக் கொடுத்த பிளாஸ்டிக் கோப்பையைத் திருகினால் மூடி கழன்று வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது.

வேனில் திரும்பும்போது கேட்டேன்.

“மாமா, நான் நல்லா பாடுனேனா?”

“ஒரே சரணத்த மூணு தடவ பாடுன மாப்ள. எக்கோவே தேவப்படல.”

“ஆனா ஒங்க செட்டுதான் மாமா சரியில்ல. எனக்கே வெக்கமாப் போச்சி. வேற நல்லதா வாங்குங்க.”

“ஆமாடா” என்று மாமா சிரித்தார். “வாங்கிருவோம்.”

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வேனில் ஏர்கோன் கிடையாது. வியர்வை என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் தேர்தல் வந்தது. தெருவெல்லாம் கொடி. தினமும் எங்கோ ஒரு மூலையில் செராமாச் சத்தம், வேறு யாருடைய பெட்டிகளிலிருந்தோ. மாமாவின் செட்டில் பல்லி குடியிருக்கிறது, பாதியில் இரைகிறது என்கிற செய்தி கிள்ளானிலிருந்து பூச்சோங் வரைக்கும், எல்லாக் கட்சிகளுக்கும், எக்கோ இல்லாமலே போய்ச் சேர்ந்திருந்தது. வேன் கீழேயே நின்றது. நான்கு பெட்டிகளும் வரவேற்பறையில் துணி போர்த்திக்கொண்டு நின்றன. மாமா நாள் முழுக்க வீட்டில் இருந்து என்னோடு கேரம் ஆடினார், வேண்டுமென்றே தோற்றார். அவ்வளவு சந்தோஷமான தேர்தலை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே, “ஏன் மாமா வேலைக்குப் போகல?” என்று கேட்டேன். அவர் சிவப்புக் காயைக் குறிபார்த்தபடி, “மைக்க பாத்தாலே பயமா இருக்குடா மாப்ள” என்றார்.

அன்று மாலையே கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். பதிமூன்றோடு நின்றுபோயிருந்த பட்டியல் ஒருவழியாக வளர்ந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. பென்சிலைக் கூராகச் சீவி, அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பதினான்கு, மைக்.