மருதமரத்துப் பெரியவர்

சுபஹு தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி லத்தீப் காக்காவின் பெயரைச் சொல்லி, மௌத்தாகிவிட்டார் என்று மரணச்செய்தி அறிவித்தது. பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்து "இன்னாலில்லாஹி" என்றேன். அடுத்து என் வாயில் வந்தது எழுதக்கூடியதல்ல. "கடைசியிலயும் தப்பிட்டாரே மனுசன்" என்பது அதன் நாகரிகமான வடிவம்.

கல்முனைச் சந்தையில் அவருடைய புடவைக்கடையை அறியாதவர்கள் உங்களில் யாரும் இல்லை. அதற்கடுத்த செருப்புக்கடை என்னுடையது. அவர் செய்த நன்மைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குச் செய்ததை நான்தான் எழுதவேண்டும்.

பொத்துவிலுக்கு அப்பால் காட்டுக்குள், ஆற்றோரம் ஒரு கிழட்டு மருதமரம் நிற்கிறது. அதைப் பார்க்கச் சந்தைக்காரர்கள் ஒருமுறை வேனில் போனோம். இறங்கிய இடத்திலிருந்து சின்ன நடைதான். என் தொந்தி வயிற்றுக்கு அதுவே தூரதேசம். "காட்டுக்குள்ள யானை எண்டு செல்லப்படாது தம்பி, பெரியவர் எண்டுதான் செல்லணும்" என்று வழிநெடுகப் பயங்காட்டிய காக்கா, திடீரென்று முன்னால் நடந்து மறைந்துவிட்டார்.

மரத்தைக் கண்டு அண்ணாந்து நின்றேன். நாங்கள் எல்லோரும் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். வேர்கள் ஆற்றில் தண்ணீர் குடிக்க இறங்கியவை போலக் கிடந்தன. அப்போது மரப்பொந்துக்குள் ஏதோ பெரிதாக மூச்சுவிட்டது. கிளையொன்று முறிந்தது. நான் ஓடினேன். செருப்பு சேற்றில் தங்கியது, இடுப்பிலிருந்த சாரம் முள்ளில் தங்கியது, நான் மட்டும் வேனுக்குப் போய்ச் சேர்ந்தேன். பொந்திலிருந்து வெளியே வந்த பெரியவர், லத்தீப் காக்கா.

அதோடு விட்டாரா? கலியாண வீட்டில் சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி ஆட்கள் அமர்ந்தால், முதல்பிடி சோற்றுக்கு முன்பே அவர் கதையில் என் சாரம் கழன்றுவிடும். கதை வருடத்துக்கு வருடம் வளர்ந்து, நான் யானையிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டது வரை போனது. "செருப்புக்கட நானா, யானைக்கு ஓடுற செருப்பு இரிக்கா?" என்று கேட்டு வராத வாடிக்கையாளர் இல்லை.

"காக்கா, ஒருநாளைக்கு இதுக்குப் பழி வாங்குவன்."

"ஆறுதலா வாங்கு தம்பி. நான் எங்க போகப்போறன்."

அதை நம்பினேன். இந்த வருடம் யானை பிளிறும் சத்தத்தைப் போனில் ஏற்றி, காக்காவை அதே மரத்துக்கு அழைத்தேன். "ஓம், வயல்ல வேளாமை வெட்டு முடியட்டும், போவம்" என்றார். வெட்டு முடியுமுன் நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவர் மகன் எழுந்தார். "வாப்பா யார்ர மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கங்க." பள்ளிவாசல் நிறைய "பொருந்திட்டம்" என்ற குரல். நான் வாய்திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற தையல்கார மீராசா முழங்கையால் இடித்தார்.

"பொருந்தித் தொலையன் மச்சான்."

"மாட்டன்."

"ஒரு சாரத்துக்காகவா?"

"பொருந்திட்டா அவருக்கும் எனக்கும் ஒண்டுமில்லாமப் போயிரும். மறுமையில அவ்வளவு சனத்துக்குள்ள அவர் பொருத்தம் கேட்டு என்னத் தேடி வரவேணாமா?"

மீராசா தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காக்காவின் நல்ல குணங்களை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பழி என்னுடையது, யாருக்கும் தரமாட்டேன். பொருத்தம் கேட்டு அவரே வரட்டும். முதலில் கொஞ்சத்தூரம் ஓடவிடுவேன்.