கீழ்ப்படியில் பத்து நிமிஷம்

தண்ணீர் அலுவலகத்தின் புகார் கவுன்ட்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு, கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'ஐஸ்கட்டி'. எதிரே நின்று யார் காட்டுக் கத்தல் கத்தினாலும் அவர் முகம் மாறாது. ரகசியத்தைக் கேட்டால் பெருமையாகச் சொல்வார்: "வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி, மாடிப்படியோட கீழ்ப்படியில உக்காந்து பத்து நிமிஷம் மூச்ச எண்ணுவேன். ஆபீஸ் கடுப்பெல்லாம் அங்கேயே போயிடும்."

அன்று கீழ்ப்படிகளைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத்தில் உட்கார மனமில்லாமல் மூன்றாவது மாடிவரை ஏறி, தன் வீட்டுக் கதவை ஒட்டிய படியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி, கண்ணை மூடி, நாலு மூச்சு எண்ணியிருப்பார்.

உள்ளே பால்கனிப் பக்கமிருந்து மகள் கத்தினாள். "அம்மா, அப்பா ஸ்கூட்டர் கீழ நிக்குது!"

"படியில உக்காந்திருப்பாரு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்றாள் மனைவி. "டிவிய ஆஃப் பண்ணு. அண்ணன் மார்க் கார்ட ஒளிச்சு வை. காலைல அவரு விட்டெறிஞ்ச தட்டு நெளிஞ்சு கெடக்கு பாரு, அத மத்த தட்டுக்கெல்லாம் அடியில போடு."

"எனக்கு பயமா இருக்கும்மா."

"ஒண்ணுமில்லடி கண்ணு. கண்ண மூடி மூச்ச இழுத்து விடு, நானும் விடறேன். ஒண்ணு... ரெண்டு..."

ஐஸ்கட்டியாம், ஐஸ்கட்டி! அவர் கூனிக் குறுகிப் போனார். காதெல்லாம் சுட்டது.

உள்ளே எண்ணிக்கை பத்தைத் தொட்டது.

"அம்மா, இன்னொரு தடவை எண்ணலாமா?"

அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் இறங்கிப்போய், அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்தார்.